கையால அடிச்ச மூணு

லாரி வருமா வராதான்னு தெரியல. விடிஞ்சதும் வந்து, ரேவதி அக்கா ஷெட்டுல நிக்கிற அந்தப் பச்சைக் காரைத் தூக்கிட்டுப் போறதா பேச்சு. பழைய இரும்புக்காரரு கேஸ் கட்டர் வச்சு ஒரே நாள்ல துண்டு போட்டுடுவாராம். லாரி வந்துட்டா காரு போச்சு. வரலைன்னா, சாயங்காலம் நான் ரேவதி அக்காகிட்ட சொன்னதுதான் காரணம்னு எங்க அத்தாவுக்கு, எங்கப்பாவுக்கு, தெரிஞ்சிடும். அம்மா பக்கத்துல தூங்குறாங்க. போர்வைக்குள்ள போனை வச்சு எழுதிட்டிருக்கேன். யார்கிட்டயாவது முழுசா சொல்லிடணும். பாதி பாதியா சொல்லித்தான் இவ்வளவு தூரம் வந்து நிக்குது.

என் பேரு சுஹைனா. ப்ளஸ் டூ படிக்கிறேன். எங்க அம்மா ஃபகருன்னிசா, ரேவதி அக்காவோட பிரஸ் ஷாப்புல வேலை பாக்குறாங்க. ஓசூர்ல எங்க பார்த்தாலும் இருக்கிற மாதிரி சின்ன ஷெட்டுதான். தகட்ட உள்ள வச்சு பெடலை மிதிச்சா மெஷின் ஒரே அடியில கிளாம்ப் கிளாம்பா வெட்டித் தள்ளும். அத எண்ணி, பொட்டியில போட்டு, வண்டிக் கம்பெனிக்கு அனுப்பணும். அம்மா, மாரம்மா அக்கா, இன்னும் நாலஞ்சு பேரு, எல்லாம் பொம்பளைங்கதான். ஸ்கூல் விட்டா நான் நேரா அங்கதான் போவேன். பேக்கிங் டேபிள்ல ஒரு ஓரத்துல உக்காந்து படிப்பேன். சின்னப் புள்ளையில இருந்து அப்படித்தான்.

இந்த வருஷம் அங்க இருந்த பெரிய பிரஸ்ஸு கிராங்க் உடைஞ்சு நின்னுடுச்சு. ரிப்பேர் பண்றதுக்கு வேற மெஷினே வாங்கிடலாம்னு மெக்கானிக் சொல்லிட்டாரு. இருக்கிற சின்ன பிரஸ்ஸ வச்சு பாதி ஆர்டர் கூட ஓட்ட முடியல. கம்பெனிக்காரங்க இந்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கிறோம், அதுக்கு மேல வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க. பேங்க்ல கை விரிச்சாச்சு. அந்த மெஷின் வரலைன்னா ஷெட்ட மூடணும், அம்மாவுக்கும் வேலை போயிடும். விக்கிறதுக்குன்னு ரேவதி அக்காகிட்ட மிச்சம் இருந்தது அந்தக் காரு ஒண்ணுதான்.

அது ஜெர்மன் காரு. அவ்வளவு நீளம் இருக்கும், ஆனா கதவு ரெண்டுதான். பின்னாடி உக்காரணும்னா முன் சீட்ட மடக்கிட்டு குனிஞ்சு நுழையணும். பக்கத்துக் கண்ணாடி ரெண்டையும் இறக்கிட்டா நடுவுல தூணே இருக்காது, ஒரு பக்கம் முழுக்க வெளியாத் திறந்துக்கும். ரேவதி அக்காவோட வீட்டுக்காரரு சிவராஜ் அண்ணன், தொழில் நல்லா ஓடின காலத்துல பெங்களூருல யாருகிட்டயோ வாங்கிட்டு வந்தாரு. ஞாயித்துக்கிழமைன்னா அக்காவ உக்கார வச்சுக்கிட்டு கெலவரப்பள்ளி டேம் வரைக்கும் போவாரு. கழிவுத் தண்ணியால பொங்குற ஆத்து நுரை காத்துல பறந்து வந்து வண்டி மேல படாத இடமாப் பார்த்து நிறுத்திட்டு, கண்ணாடிய எல்லாம் இறக்கிட்டு, ரெண்டு பேரும் சும்மா உக்காந்திருப்பாங்களாம். அவ்வளவுதான் அந்தக் காரு பார்த்த ஊரு. கொரோனா ரெண்டாவது தடவை வந்தப்ப அண்ணன் போயிட்டாரு. அதுல இருந்து காரு ஷெட்டுக்குப் பின்னால தார்ப்பாய் மூடிக் கெடந்துச்சு.

முதல்ல பழைய வண்டி வாங்கி விக்கிறவரு ஒருத்தர் வந்து பார்த்தாரு. இதுக்கு ஸ்பேரும் கிடைக்காது, மைலேஜும் கிடையாது, ஒன்றரை லட்சத்துக்கு மேல ஒரு பைசா தர முடியாதுன்னுட்டாரு. அப்பறம் ரேவதி அக்காவோட அண்ணன் பையன் ஸ்ரீராம், அவன் பெங்களூருல படிக்கிறான், காரை போட்டோ எடுத்து ஏதோ குரூப்புல போட்டான். கோயம்புத்தூர்ல இருந்து ஒருத்தர் கூப்பிட்டாரு. பழைய காரா சேத்து வைக்கிறவரு. இந்த மாடல் காரெல்லாம் கொஞ்ச வருஷம் முன்னால வரைக்கும் வெறும் பழைய காருதானாம். அதை ரோட்டுல பார்த்து வாயப் பொளந்த பசங்க எல்லாம் இப்ப சம்பாதிச்சுட்டாங்களாம், அவங்களுக்கு அதுதான் வேணுமாம். ஆனா இடிபடாம, யாரும் கை வைக்காம இருக்கிறது நாடு முழுக்கத் தேடினாலும் கொஞ்சம்தானாம். ஸ்ரீராம் வந்து சொன்ன விலை முப்பத்தெட்டு லட்சம்.

அன்னிக்கு ஷெட்டுல மெஷினை நிறுத்திட்டு எல்லாரும் போயி தார்ப்பாயத் தூக்கிப் பார்த்தோம். மாரம்மா அக்கா காரைச் சுத்தி வந்து, ரெண்டு கதவுக்கே முப்பத்தெட்டுன்னா இன்னும் ரெண்டு கதவு வச்சுக் குடுத்தா எழுபத்தாறு கிடைக்குமா ரேவதின்னு கேட்டாங்க. எங்க அம்மா, கதவே இல்லாத எங்க வீட்டு பாத்ரூமுக்கு எவ்வளவு போவும்னு கேளுன்னாங்க. ரேவதி அக்கா அப்படிச் சிரிச்சு நான் ரொம்ப நாளா பார்க்கல. அவங்க கையில எப்பவும் சிவராஜ் அண்ணனோட ஸ்டீல் வாட்ச் இருக்கும். கைக்குப் பெருசு, முழங்கை வரைக்கும் ஏறும், இறங்கும். சிரிக்கும்போது அது கீழ வந்து மணிக்கட்டுல தொங்கிட்டிருந்துச்சு.

காரு இன்னும் சிவராஜ் அண்ணன் பேர்லயே இருந்துச்சு. அக்கா பேருக்கு மாத்தினாத்தான் விக்க முடியும். அந்த வேலைய அத்தாகிட்ட குடுத்தாங்க.

எங்க அத்தா லால் பாஷா, வண்டிப் பேப்பர் வேலை பாக்குறவரு. கர்நாடகா பார்டர்ல இருக்கிறதால எங்க ஊர்ல அந்த வேலை ஓயாது. அந்தப் பக்கத்து வண்டி இந்தப் பக்கம் வரணும், இந்தப் பக்கத்து வண்டி அந்தப் பக்கம் போவணும். பாதி பேரு கே.ஏ. நம்பர் வச்சுக்கிட்டு ஓசூர்ல ஓட்டுறாங்க. எந்த வண்டி பேரு மாத்தினாலும் சேசிஸ் பிரிண்ட் வேணும். வண்டி உடம்புல கம்பெனியே ஒரு நம்பர் குத்தி வச்சிருப்பாங்க. அது மேல பென்சிலைத் தேய்ச்சு, செலோடேப்ப ஒட்டி உரிச்சா, நம்பர் அப்படியே டேப்புல வரும். அத ஃபாரத்துல ஒட்டணும். சந்து பொந்துல கையை விட்டு எடுக்கணும், அத்தாவுக்கு விரல் தடிமன், அதனால எட்டாவது படிக்கும்போதே எனக்குக் கத்துக் குடுத்துட்டாரு. லாரி, டெம்போ, ஆட்டோ, எதுலயும் எடுப்பேன். எம் பொண்ணு எடுத்த பிரிண்ட் எந்த ஆபீஸ்லயும் திரும்பி வராதுன்னு டீக்கடையில எல்லாம் சொல்லுவாரு.

இது திரும்பி வந்துச்சு.

இந்தக் காருக்கு நம்பர் என்ஜினுக்குப் பின்னால இருக்கிற தகட்டுல. பக்கத்துலயே பேட்டரி. இத்தனை வருஷம் நின்னதுல பேட்டரி கசிஞ்சு, ஆசிட்டு நம்பரோட கடைசிப் பக்கம் வழிஞ்சு துரு பிடிச்சிருந்துச்சு. பிரிண்ட்ல அங்க இருந்த மூணும் ஆறும் வெறும் புள்ளி புள்ளியா வந்துச்சு. தெளிவா எடுத்துட்டு வாங்கன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. அன்னிக்கு அத்தா வேற வேலையா கிருஷ்ணகிரி போயிட்டாரு. போன்ல, நீ போயி லேசா எமரி போட்டுத் தேய்ச்சுப் பாரும்மா, லாரிக்குப் பண்ற மாதிரின்னு சொன்னாரு. லேசான்னுதான் சொன்னாரு. அத நான் மறைக்கக் கூடாது.

ஷெட்டுல எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. நான் எமரி பேப்பரைத் தேய்க்கத் தேய்க்க துரு மாவு மாதிரி கொட்டுச்சு. அடியில நம்பர் இருக்கும்னு நினைச்சு இன்னும் தேய்ச்சேன். பச்சை பெயிண்ட் போச்சு, துரு போச்சு, அதுக்கு அடியில பளபளன்னு வெறும் தகடு. மூணு இருந்த இடத்துல மூணு இல்ல. ஆறு இருந்த இடத்துல ஒரு சின்ன வளைவு மட்டும்.

எனக்கு அப்ப பயம் கூட வரல. அதுதான் இப்ப நினைச்சா ஆச்சரியமா இருக்கு. பழைய லாரிங்கள்ல நம்பர் தேஞ்சு போனா லேத் பட்டறையில குடுத்து திரும்பக் குத்துறத எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். ஆர்.சி.ல இருக்கிற அதே நம்பர்தானே, நாம என்ன திருடியா குத்துறோம்னு அத்தாவே சொல்லுவாரு. அதுக்கு முதல்ல ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும்னு அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ரேவதி அக்கா டிராயர்ல பஞ்ச் செட் இருக்கும், டைன்னு சொல்ற மெஷின் அச்சு மேல நம்பர் அடிக்கிறதுக்கு வச்சிருக்கிற இரும்புக் குச்சிங்க. அதுல இருந்து மூணு, ஆறு ரெண்டையும் எடுத்தேன். சுத்தியல்ல ஒரு அடி. இன்னொண்ணுக்கு ஒரு அடி. பிரிண்ட் எடுத்தா எழுத்து எழுத்தா வந்துச்சு. ஆபீஸ்ல வாங்கிக்கிட்டாங்க. எமரி போட்டதுலயே வந்துடுச்சுன்னு நினைச்சு அத்தா எனக்கு பரோட்டா வாங்கிட்டு வந்தாரு.

பேரு மாறி ஆர்.சி. வந்த அன்னிக்குத்தான் கோயம்புத்தூர்க்காரரு ரேவதி அக்காகிட்ட நேரா பேசினாரு. அக்கா போனை ஸ்பீக்கர்ல போட்டு டேபிள் மேல வச்சாங்க. நான் பக்கத்துல கெமிஸ்ட்ரி படிச்சுட்டிருந்தேன். அவரு ரொம்பத் தன்மையாத்தான் பேசினாரு. காரைக் கழுவாதீங்கம்மா, துடைக்கக்கூட வேணாம், எங்கயாவது துரு இருந்தா அப்படியே விட்டுடுங்கன்னு சொன்னாரு. பெயிண்ட் உரிஞ்சிருந்தாலும் பரவால்ல, கம்பெனி அடிச்ச பெயிண்டா இருந்தாப் போதும். நாங்க குடுக்கிற விலை காருக்கு இல்ல, அத யாரும் தொடலங்கிறதுக்குத்தான்னாரு. அப்பறம் சொன்னாரு:

"முதல்ல என் ஆளு வந்து சேசிஸ் நம்பரைத்தான் பார்ப்பாரும்மா. அது துரு பிடிச்சிருந்தா கவலை இல்ல, கம்பெனிக்கு எழுதிக் கேட்டுக்கலாம். அதுல யாராவது கை வச்சிருந்தா மட்டும் நான் வாங்க மாட்டேன்."

ரேவதி அக்கா, அதெல்லாம் யாரும் தொடல சார், எங்க வீட்டுக்காரரு என்னையே தொட விட மாட்டாருன்னு சொல்லிச் சிரிச்சாங்க.

அப்பவே சொல்லியிருக்கலாம். அந்த டேபிள்ல இருந்து அக்கா கை எட்டுற தூரத்துல இருந்தேன். கெமிஸ்ட்ரி புக்குல அடுத்த பக்கத்தத் திருப்பினேன். சொல்லாம விட்டது மட்டும் இல்ல, அடுத்த நாளு ஒரு வேலை பண்ணினேன். நான் தேய்ச்ச இடம் பளபளன்னு இருந்தா பார்த்த உடனே தெரிஞ்சிடுமேன்னு, பிரஸ்ஸு அடியில கெட்டியாக் கெடக்கிற பழைய கறுப்பு கிரீஸ எடுத்து, மண்ணுப் புழுதியோட குழைச்சு, அந்தத் தகட்டுல பூசிட்டேன். காஞ்சதும் திரும்பப் பூசினேன். பல வருஷமா அப்படியே இருக்கிற மாதிரி ஆயிடுச்சு. நல்லாப் பண்ணியிருக்கேன்னு நினைச்சேன்.

பார்க்க வந்தவரு பேரு மாதேஷ். பெங்களூருல இருந்து வந்தாரு, கன்னடம் கலந்த தமிழ். பெயிண்ட் எவ்வளவு தடிமன்னு காட்டுற ஒரு சின்ன மெஷினை வச்சு காரு உடம்பு முழுக்க ஒத்தி ஒத்திப் பார்த்தாரு. கண்ணாடி மூலையில இருக்கிற குட்டி எழுத்த எல்லாம் டார்ச் அடிச்சுப் படிச்சாரு. சீட்டு மேல மூக்க வச்சு மோந்தாரு. மாரம்மா அக்கா எங்க அம்மா காதுல, பொண்ணு பார்க்க வந்தவன் கூட எனக்கு இப்படிப் பார்க்கலைன்னு சொல்லி, அம்மா வாயை மூடிக்கிட்டு சிரிச்சாங்க. மாதேஷ் சார் முகம் நேரம் ஆக ஆக மலர்ந்துக்கிட்டே வந்துச்சு. பத்து வருஷத்துல இப்படி ஒரு வண்டி நான் பார்க்கல மேடம்னாரு. அத்தா பக்கத்துல கைய கட்டிக்கிட்டு, காரே அவருதுங்கிற மாதிரி நின்னுட்டிருந்தாரு.

கடைசியா பானெட்டத் திறந்தாரு. துணியில பெட்ரோல் நனைச்சு அந்த இடத்தத் துடைச்சாரு. நான் டீ டம்ளரை எல்லாம் தட்டுல எடுத்து வச்சுட்டிருந்தேன். ரொம்ப நேரம் அவரு தலை பானெட்டுக்குள்ளயே இருந்துச்சு. அப்பறம் நிமிர்ந்து, துணியை மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு கேட்டாரு:

"உங்க வீட்டுக்காரரு இத யாருகிட்ட வாங்கினாரு மேடம்?"

பெங்களூருல ஒருத்தர்கிட்ட, பேரு தெரியாதுன்னாங்க அக்கா.

"மூணும் ஆறும் கம்பெனி குத்தினது இல்ல. கம்பெனி மூணுக்குத் தலை வளைவா இருக்கும். இது தட்டை. கையால அடிச்சது."

அப்பறம் அவரு விவரமா சொன்னாரு. இப்படி நம்பர் அடிக்கிறது எதுக்குன்னா, எங்கயோ திருடின காருக்கு, இடிஞ்சு செத்துப்போன வேற காரோட நம்பரைக் குத்தி, அந்தக் காரோட பேப்பரை வச்சு வித்துடுவாங்களாம். வாங்கறவங்க சில பேருக்குத் தெரியாது, சில பேரு தெரிஞ்சேதான் கம்மி விலைக்கு வாங்குவாங்களாம். அத்தா, இப்பத்தானே சார் பேரு மாத்தினோம், பிரிண்ட் சுத்தமா வந்துச்சேன்னாரு. நம்பர் ஆர்.சி.ல இருக்கிறதுதான் பாய், நம்பர் தப்பு இல்ல, காருதான் எதுன்னு தெரியலைன்னாரு மாதேஷ் சார். இது இங்க ஷெட்டுல பண்ணின வேலையா இருக்குமோன்னு யாரும் நினைக்கக் கூட இல்ல. ஏன்னா அவரே சொல்லிட்டாரு, இது பழைய வேலை, மேல படிஞ்சிருந்த கிரீஸப் பாருங்க, எத்தனையோ வருஷத்து கிரீஸ், அதனாலதான் அடியில தகடு துரு ஏறாம இருக்குன்னு.

அது நான் பூசின கிரீஸ்.

போகும்போது அவரு அக்காகிட்ட தனியா, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் மேடம், நீங்களும் இத வண்டியா யாருக்கும் விக்காதீங்க, பிரிச்சு சாமானா குடுத்துட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னு சொல்லிட்டுப் போனாரு.

முப்பத்தெட்டு லட்சம் போனத விட, அதுக்கப்பறம் நடந்ததத்தான் என்னால தாங்க முடியல. ரேவதி அக்கா சிவராஜ் அண்ணனோட பழைய நாளை எல்லாம் திரும்ப எடுத்துப் பார்க்க ஆரம்பிச்சாங்க. என்ன விலைக்கு வாங்கினாருன்னு அவரு சொன்னதே இல்லையாம். சும்மா இரு, உனக்கு எதுக்குன்னு சொல்லிடுவாராம். டேமைத் தாண்டி எங்கயும் கூட்டிட்டுப் போனது இல்லையாம். ஹைவேயில போலாம்னு கேட்டா பெட்ரோல் ஆவும்னு சொல்லுவாராம். இப்பத்தான புரியுது, போலீஸுக்குப் பயந்திருக்காருன்னு அக்கா சொன்னாங்க. பாரூர்ல இருக்கிற மாமியாருக்குப் போன் பண்ணி, உங்க புள்ள என்னைத் திருட்டு வண்டியில உக்கார வச்சு ஊரச் சுத்திக் காட்டியிருக்காருன்னு சொன்னத நான் என் காதால கேட்டேன். அந்தப் பக்கம் அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேக்கல. அக்கா போனை வச்சுட்டு, கையில இருந்த வாட்ச்சைக் கழட்டி, பஞ்ச் செட் இருக்கிற அதே டிராயர்ல போட்டு மூடினாங்க. அதுக்கப்பறம் அவங்க கைய ஆட்டும்போது எல்லாம் எனக்கு அந்த இடத்தத்தான் பார்க்கத் தோணுச்சு.

அன்னிக்கு ராத்திரி இல்ல, மறுநாள் காலையில, அத்தா வாசல்ல ஸ்கூட்டரைத் துடைச்சுக்கிட்டே என்னைக் கூப்பிட்டாரு. ரெண்டாவது பிரிண்ட் எடுக்கும்போது அந்த நம்பர் எப்படிம்மா இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லாத்தான் இருந்துச்சு அத்தான்னேன். அவரு என்னைப் பார்க்கல. டயரைத் துடைச்சாரு, ஹேண்டிலைத் துடைச்சாரு, துடைச்சதையே திரும்பத் துடைச்சாரு. முதல் பிரிண்ட்ல மூணு, ஆறு எப்படி வந்துச்சுன்னு அவருக்குத் தெரியாம இருக்காது. அவருதான் அத ஆபீஸ்ல இருந்து திரும்ப வாங்கிட்டு வந்தாரு.

"சரி. நல்லாத்தான் இருந்துச்சு. யாரு கேட்டாலும் அதையே சொல்லு."

அவ்வளவுதான் சொன்னாரு. துணியை உதறிக் கொடியில போட்டுட்டுக் கிளம்பிட்டாரு. அன்னிக்கு மத்தியானம் அவருதான் ரேவதி அக்காகிட்ட போயி, வச்சிருந்தா ஆபத்தும்மா, வெட்டிடலாம், எனக்குத் தெரிஞ்ச இரும்புக்காரரு இருக்காருன்னு பேசி முடிச்சாரு. எங்க அத்தா யாரையும் ஏமாத்துற ஆளு இல்ல. எனக்காகத்தான் பண்ணினாரு. அது தெரிஞ்சதும் என்னால அவரு முகத்தப் பார்த்துச் சாப்பிட முடியல. அவரும் என் முகத்தப் பார்க்கிறது இல்ல.

நான் அப்படியே இருந்திருப்பேன். உண்மையச் சொல்லணும்னா, காரு போயிட்டா எல்லாம் முடிஞ்சிடும்னு எனக்கும் இருந்துச்சு. இன்னிக்கு அம்மா வேலை முடிஞ்சு வந்து, புர்காவக் கூடக் கழட்டாம உக்காந்து அழுதாங்க. ஷெட்டு மூடப்போவுது, மாரம்மா அக்கா வேற இடம் தேட ஆரம்பிச்சுட்டாங்கன்னு சொன்னாங்க. அதுக்குத்தான் அழுறாங்கன்னு நினைச்சேன். அதுக்கு இல்ல. போலீஸு வீட்டுக்கு வந்து அசிங்கப்படுறதுக்கு முன்னாடி அந்த மனுஷன் செத்ததே நல்லதுன்னு ரேவதி இன்னிக்கு சொல்லிட்டாடி, அவள அப்படித் தாங்கி வச்சிருந்த மனுஷனை அவ வாயால அப்படிச் சொல்லிட்டான்னு அழுதாங்க.

நான் நோட்டு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஷெட்டுக்குப் போனேன். ஓடல. நடந்துதான் போனேன், வழியில திரும்பிடலாமான்னு நின்னு நின்னு போனேன்.

ரேவதி அக்கா தனியா இருந்தாங்க. லாரி வரதுக்கு முன்னாடி காருக்குள்ள இருக்கிறத எல்லாம் எடுத்து ஒரு கிளாம்ப் பொட்டியில போட்டுட்டிருந்தாங்க. ஒரு சீப்பு, கண்ணாடி துடைக்கிற துணி, ஒட்டிப்போன சோம்பு மிட்டாய் பாக்கெட்டு. நான் பானெட் பக்கம் நின்னுக்கிட்டே சொன்னேன். எமரி போட்டத சொன்னேன், பஞ்ச் அடிச்சத சொன்னேன், கிரீஸ் பூசினதையும் சொன்னேன். அத்தா ஸ்கூட்டர் துடைச்சத மட்டும் சொல்லல.

அவங்க திட்டுவாங்கன்னு காத்திருந்தேன். எந்த பஞ்ச்சுன்னு கேட்டாங்க.

டிராயரைக் காட்டினேன். போயித் திறந்து, வாட்ச்சை நகர்த்திட்டு, மூணாம் நம்பர் பஞ்ச்ச எடுத்தாங்க. கீழ கெடந்த ஒரு தகட்டுத் துண்ட எடுத்து டேபிள்ல வச்சு, சுத்தியல்ல ஒரே அடி. அத எடுத்துட்டு வந்து, போன் டார்ச் அடிச்சு, காருல இருக்கிற மூணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. ரெண்டுக்கும் தலை தட்டை. ரெண்டுலயும் கீழ் வளைவுல ஒரே இடத்துல ஒரு சின்னச் சொட்டை, பஞ்ச்சோட முனை உடைஞ்சிருக்கிறதால. ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"அப்ப அவரு இல்ல."

"இல்லக்கா."

தகட்டுத் துண்டக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. கையக் கிழிச்சிடுமேன்னு எனக்குப் பட்டுச்சு. அவங்க முகத்துல முதல்ல வந்தது கோபம் இல்ல. என்னன்னு சொல்லத் தெரியல, மூச்சுத் திரும்பி வந்த மாதிரி ஒண்ணு. கொஞ்ச நேரம்தான். அப்பறம் அது போயி, என்னைப் பார்த்தாங்க.

"அத்தைகிட்ட நான் என்னென்ன பேசினேன் தெரியுமா உனக்கு? அவரப் பெத்தவங்ககிட்ட."

நான் அழுதேன். அக்கா திரும்பிட்டாங்க. காருக்குள்ள போயி, டிரைவர் சீட்டுல இல்ல, பக்கத்து சீட்டுல, அவங்க எப்பவும் உக்காருற இடத்துல உக்காந்து கதவச் சாத்திக்கிட்டாங்க. கண்ணாடிய இறக்கப் பார்த்தாங்க. பேட்டரி செத்துக் கெடந்ததால பட்டன் வேலை செய்யல. அத அமுக்கி அமுக்கிப் பார்த்துட்டு, உள்ள இருந்தே வீட்டுக்குப் போன்னு கையக் காட்டினாங்க.

அதுல இருந்து எனக்கு ஒண்ணும் தெரியாம இருந்துச்சு. லாரிய நிறுத்துவாங்களா, இல்ல நிக்கிறதும் ஒண்ணுதான், வெட்டுறதும் ஒண்ணுதான்னு விட்டுடுவாங்களா. திருட்டு வண்டி இல்லைன்னு தெரிஞ்சா மட்டும் அந்த விலை திரும்பி வராது. அதுல யாராவது கை வச்சிருந்தா வாங்க மாட்டேன்னு கோயம்புத்தூர்க்காரரு தெளிவாச் சொல்லிட்டாரு. நான் கை வச்சுட்டேன். அது திருடன் கையா, ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு கையான்னு அந்த மூணுல எழுதியிருக்காது. மெஷின் வராது. அம்மாவுக்கு வேலை இருக்காது. துருவ அப்படியே விட்டிருந்தா, காரு கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதிப் போட்டு வாங்கியிருந்தா, இன்னேரம் எல்லாரும் மெஷினுக்கு மாலை போட்டுட்டிருப்பாங்க. அந்த எமரி பேப்பர் எங்க வீட்டுல எப்பவும் கெடக்கும். எத்தனை வண்டிக்குத் தேய்ச்சிருக்கேன், ஒரு தடவை கூட அடியில என்ன போவுதுன்னு பார்த்தது இல்ல.

இத எழுதிட்டு இருக்கும்போதே போன் ஒரு தடவை அதிர்ந்துச்சு. ரேவதி அக்கா அனுப்பியிருக்காங்க. இவ்வளவு நேரம் அவங்களும் தூங்கல.

"லாரி வேணாம்னு சொல்லிட்டேன். முதல் பஸ்ஸுல பாரூர் போறேன், அத்தையப் பார்க்கணும். லாரி ஏன் வரலைன்னு இரும்புக்காரரு உங்க அத்தாவுக்குத்தான் காலையில போன் பண்ணுவாரு. அதுக்குள்ள நீ அவருகிட்ட சொல்லிடு."

நாலஞ்சு தடவை படிச்சுட்டேன். அதுல திட்டு இல்ல. பரவால்லன்னும் இல்ல.

அத்தா இப்ப எழுந்திருக்காரு. பானையில டம்ளர் மோதுற சத்தம் கேக்குது. தண்ணி குடிச்சுட்டுத் திரும்பப் படுத்துட்டாருன்னா என்னால எழுப்ப முடியாது, அது எனக்குத் தெரியும். யாரு கேட்டாலும் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லுன்னு சொன்னவரு. நான் சொல்லிட்டேன்னு அவருகிட்ட எப்படிச் சொல்றது. டீக்கடையில எல்லாம் என்னைப் பத்திப் பேசினவரு.

டம்ளரைக் கவுத்து வைக்கிறாரு.

போர்வைய விலக்கிட்டேன். "அத்தா"ன்னேன். அவரு அங்கயே நின்னுட்டாரு, திரும்பல. தெரியும்மாங்கிற மாதிரி தோள் மட்டும் கொஞ்சம் இறங்குச்சு. போனைக் கீழ வைக்கிறேன்.